கார்ட்டூன் காமெடிதானே, என்ன இருக்கப் போகிறது?

கேள்வி: எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது, மகனுக்கு நாலரை. மே மாத லீவில் என் நாத்தனார் குடும்பத்தோடு வருகிறார். அவர் பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்கள். எல்லோரும் சேர்ந்து வீட்டு டிவியில் ‘டெஸ்பிகபிள் மீ’ படம் பார்ப்பது என்று இப்போதே திட்டம் போட்டாயிற்று. அதில் வரும் மஞ்சள் நிறக் குட்டி உருவங்களான மினியன் என்றால் என் மகனுக்கு உயிர். பை, தண்ணீர் பாட்டில், டீ-ஷர்ட் எல்லாம் மஞ்சள்தான். ஆனால் படத்தைப் பார்த்ததில்லை. பயந்த சுபாவம், மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்வான். படம் ஆங்கிலத்தில்தான் ஓடும், அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. என் கணவர், “கார்ட்டூன் காமெடிதானே, இதற்கெல்லாமா யோசிப்பாய்?” என்கிறார். அவனைப் பார்க்க விடலாமா டாக்டர்? ஒரு படம் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று எதை வைத்து முடிவு செய்வது? இன்னொரு விஷயம், மகள் நாங்கள் தத்தெடுத்த பிள்ளை. அது அவளுக்கும் தெரியும். அவளைப் பற்றிக் கவலை இல்லை, தைரியசாலி.

பதில்: கடிதம் முழுக்க மகனைப் பற்றிக் கேட்டுவிட்டு, மகளைக் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கடைசி இரண்டு வரிதான் உறுத்துகிறது. ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே போகலாம்.

முதலில் உங்கள் கணவர் சொன்னது. கார்ட்டூன், காமெடி, குடும்பப் படம் என்ற மூன்றும் சேர்ந்துவிட்டால் நம் ஆட்கள் ரிமோட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள். 2014-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 1937 முதல் 2013 வரை வெளியாகி நன்றாக ஓடிய 45 குழந்தைகள் அனிமேஷன் படங்களை எடுத்து, பெரியவர்களுக்கான படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முக்கியப் பாத்திரம் ஒன்று செத்துப்போகும் வாய்ப்பு குழந்தைகள் படத்தில்தான் அதிகம், அதுவும் சுமார் இரண்டரை மடங்கு. அதிலும் அப்பா அம்மா சாகும் வாய்ப்பு இன்னும் அதிகம். மீன் குட்டியைத் தேடிப் போகும் அப்பா மீனின் கதை நினைவிருக்கும், ‘ஃபைண்டிங் நீமோ’. படம் தொடங்கிச் சில நிமிடங்களில் தாய் மீன் போய்விடும், ஒன்றைத் தவிர முட்டைகள் அத்தனையும் போய்விடும். அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் கிடைத்தது ‘ஜி’, அதாவது எல்லா வயதினருக்கும் என்ற சான்று.

சான்றிதழ் தப்பு என்று சொல்ல வரவில்லை. அது பார்ப்பது வேறு விஷயங்களை. ரத்தம், சண்டை, கெட்ட வார்த்தை, ஆபாசம் ஆகியவற்றை அது நன்றாகவே எடை போடும். ஒரு காட்சி எவ்வளவு சோகம், அது உங்கள் வீட்டுப் பிள்ளையின் எந்த இடத்தில் போய்த் தொடும் என்பதெல்லாம் தணிக்கைக் குழுவுக்கு எப்படித் தெரியும்? நம் நாட்டில் முன்பு ‘யு/ஏ’ என்று ஒரே பிரிவுதான் இருந்தது. 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 2023-இல் சட்டத்தைத் திருத்தி, அடுத்த ஆண்டு முதல் அதை 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். ஓடிடி தளங்களிலும் இதே எண்களைப் பார்க்கலாம். நல்ல மாற்றம். ஆனால் 7+ என்று போட்டிருந்தால் ஏழுக்குக் கீழே பார்க்கவே கூடாது என்றும் இல்லை, ஏழு முடிந்துவிட்டால் கவலை இல்லை என்றும் இல்லை. ‘டெஸ்பிகபிள் மீ’ 2010-இல் வந்தபோது அமெரிக்காவில் ‘பிஜி’, அதாவது பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற சான்று கொடுத்தார்கள். கொச்சையான நகைச்சுவை, லேசான சண்டை என்று காரணமும் சொன்னார்கள். காரணம் சரிதான். உங்கள் வீட்டுக்கு வேண்டிய தகவல்தான் அதில் இல்லை.

இனி மகன்.

நாலரை வயதுப் பிள்ளைக்கு ஒரு பாத்திரம் எப்படி இருக்கிறது என்பதுதான் முதலில் படும். அது என்ன செய்கிறது என்பது அப்புறம்தான். 1980-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோவான் கேன்டரும் அவரோடு இருந்தவர்களும் இதை அழகாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாட்டி வரும் சின்னப் படம். அதே கதையில் ஒரு பதிப்பில் பாட்டி பார்க்க லட்சணமாக இருப்பாள், இன்னொன்றில் கோரமாக. அதேபோல ஒன்றில் அன்பாக நடந்துகொள்வாள், இன்னொன்றில் கொடுமையாக. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் முகத்தை வைத்தே நல்லவள் கெட்டவள் என்று முடிவு கட்டினார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் நடத்தையைப் பார்த்தார்கள்.

இந்தப் படமோ முகத்தையும் நடத்தையையும் வேண்டுமென்றே மாற்றிப் போட்டு எடுத்தது. கூர்மூக்கும் கறுப்பு உடையுமாக வரும் திருடன் க்ரூதான் கடைசியில் பாசக்கார அப்பா. அனாதை இல்லத்தை நடத்தும் மிஸ் ஹாட்டி சிரித்துச் சிரித்துப் பேசுவாள், பிள்ளைகளை அட்டைப்பெட்டிக்குள் உட்காரவைத்துத் தண்டிப்பாள். இந்தத் தலைகீழில்தான் படத்தின் பாதி வேடிக்கை இருக்கிறது. ஏழு வயதுக்கு அது எட்டும். நாலரை வயதுக்கு எட்டுவது, இருட்டு வீடு, அங்கே உறுமிக்கொண்டு வரும் நாய் மாதிரியான ஒரு பிராணி, வீட்டுக்காரனின் முகம்.

ஒரு காட்சியை மட்டும் விரித்துச் சொல்கிறேன். ஒரு திருட்டுத் திட்டத்துக்காக அந்த இல்லத்திலிருந்து க்ரூ கூட்டி வரும் மூன்று சிறுமிகளும் அவன் வீட்டுக்குள் முதல்முறை நுழைகிறார்கள். நடுவில் உள்ளவள் ஈடித், துறுதுறுப்பானவள். உள்ளே முள் வைத்த ஆளுயர இரும்புப் பெட்டிக்குள், அந்தக் காலச் சித்திரவதைக் கருவி, ஏறி நிற்கிறாள். கதவு மூடிக்கொள்கிறது. அடியில் சிவப்பாக ஏதோ வழிந்து வருகிறது. சரி, மிச்சம் இருக்கும் இருவரை வைத்தும் என் திட்டம் நடக்கும் என்கிற மாதிரி க்ரூ ஏதோ சொல்கிறான். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கிறது. ஜூஸ் டப்பாவில் ஓட்டை விழுந்துவிட்டதாம், அவ்வளவுதான்.

உங்கள் நாத்தனார் பிள்ளைகள் இதற்கு உருண்டு புரண்டு சிரிப்பார்கள். சிவப்பைப் பார்த்ததும் பயந்து, வசனத்தைக் கேட்டதும் பயம் கலைந்து, அந்தக் கலைப்பில்தான் சிரிப்பு வருகிறது. பயத்தைப் படம் கொடுத்துவிடுகிறது. அதைக் கலைப்பது ஒரே ஒரு ஆங்கில வசனம். உங்கள் மகன் அதைப் பிடிக்காவிட்டால், ஒரு பெண் பிள்ளை முள்பெட்டிக்குள் போனாள், சிவப்பாக வழிந்தது, எல்லோரும் சிரித்தார்கள், இவ்வளவுதான் அவனுக்கு மிஞ்சும். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கும்போது தனக்கு மட்டும் பயமாக இருந்தால் சின்னப் பிள்ளை அதை வெளியே சொல்லாது. ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

ஆகவே நீங்கள் கேட்ட பொதுக் கேள்விக்கும் பாதிப் பதில் இதில் இருக்கிறது. ஒரு காமெடிப் படத்தைப் பிள்ளைக்காகச் சோதித்துப் பார்க்கும்போது, பெரியவர்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தச் சிரிப்புக்கு முந்தின சில நொடிகளில் திரையில் என்ன இருந்தது? சிரிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? உங்கள் பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு எட்டுமா? டிரெய்லர் இதற்கு உதவாது, அதில் சிரிப்பை மட்டும்தான் வெட்டி வைத்திருப்பார்கள். படத்தை நீங்களே ஒருமுறை பார்ப்பதுதான் வழி. முழுக்கப் பார்க்க நேரம் இல்லையென்றால் முதல் பத்து நிமிடமும் கடைசி அரை மணியும் பார்த்துவிடுங்கள். இந்த மாதிரிப் படங்களில் இழப்பு பெரும்பாலும் தொடக்கத்தில் வரும், உயிர் போகிற துரத்தல் முடிவில் வரும். கதைச் சுருக்கத்தை எங்காவது முழுதாகப் படித்துவிடுவதும் நல்லதுதான். பிள்ளைக்குப் படம் காட்டும் விஷயத்தில் முடிவு தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம்.

மகனுக்கு என் யோசனை: பகலில் போடுங்கள், இருட்டும் நேரத்திலோ தூங்கப் போகும் முன்போ வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், சத்தத்தைக் குறையுங்கள். மிக்ஸிக்கே காதைப் பொத்துகிற பிள்ளைக்குத் திரையில் தெரிவதைவிடச் சத்தம்தான் பெரிய எதிரி. கண்ணை மூடிக்கொள்ளலாம், இசை விடாது. உங்கள் மடியில் உட்கார்ந்து பார்க்கட்டும். பயந்தால் “பொம்மைப் படம்டா, நிஜம் இல்லை” என்று விளக்கிப் பிரயோஜனம் இல்லை. அந்த விளக்கம் ஏழெட்டு வயதுக்கு மேல்தான் வேலை செய்யும். இந்த வயதுக்குக் கையைப் பிடித்துக்கொள்வது, தின்ன ஏதாவது கொடுப்பது, எழுந்து வேறு அறைக்குப் போவது இவைதான் மருந்து. படம் 95 நிமிடம். நடுவில் எழுந்து கார் பொம்மையோடு விளையாடப் போனால் திரும்பக் கூப்பிடாதீர்கள். மினியன்கள் வரும் இடங்களை மட்டும் பார்த்தாலும் அவனைப் பொறுத்தவரை அவன் படம் பார்த்தாயிற்று.

பார்த்தபின் இரண்டு மூன்று நாள் ஒட்டிக்கொண்டே திரிந்தாலோ, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலோ அது சாதாரணம். முள்பெட்டியை வைத்து விளையாடினாலும் தடுக்காதீர்கள், பயத்தைப் பிள்ளைகள் அப்படித்தான் கரைக்கிறார்கள். தூக்கம் கெடுவது, நின்றிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வருவது எல்லாம் வாரக்கணக்கில் நீண்டால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கெட்டுப்போவானா என்ற கவலை உங்கள் கடிதத்தில் இல்லை, நல்லது. குசு விடும் துப்பாக்கி ஒன்று வருகிறது. ஒரு மினியன் பின்பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கிறது. இரண்டு வாரத்துக்கு வீட்டில் அதுதான் ஜோக்காக இருக்கும். தாத்தா முகம் சுளிப்பார். தாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, மகளுக்கு வருவோம்.

படத்தின் கதை இதுதான். க்ரூவுக்கு ஒரு கருவியைத் திருட வேண்டும். அதற்கு உதவுவார்கள் என்பதற்காகவே பொய்ச் சான்றுகளைக் காட்டி மூன்று சிறுமிகளைத் தத்தெடுக்கிறான். வீட்டுக்குக் கூட்டி வருகிறான். காரியம் முடிந்ததும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று பார்க்கிறான், முடியவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாசம் வருகிறது. வந்தபிறகுதான் அந்தக் காட்சி: அவனுடைய கூட்டாளி இல்லத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட, மிஸ் ஹாட்டி வந்து பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிப்போகிறாள். க்ரூ தடுக்காமல் நிற்கிறான். ரத்தமும் இல்லை, சத்தமும் இல்லை. எந்தத் தணிக்கைக் குழுவும் அந்த இடத்தில் பேனாவை எடுக்காது.

தத்துப்பிள்ளைகள் மனதுக்குள் சுமக்கும் கேள்வியில் முக்கியமானது, என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்பது. தைரியசாலிப் பிள்ளைகளுக்கும் அது உண்டு. சில நேரம் அந்தத் தைரியமே அந்தக் கேள்வியை மூடி வைத்திருக்கும் துணியாக இருக்கும். உங்கள் மகளுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது, அவளை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கேள்வியை முதல்முறையாக ஒரு டிவித் திரை கேட்க, சுற்றி அத்தை மாமா பிள்ளைகள் பாப்கார்னோடு உட்கார்ந்திருக்க, அவள் முகத்தை எல்லோரும் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டுமா?

படத்தைவிட எனக்கு அந்தக் கூட்டம்தான் பயம். நம் வீடுகளில் “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்ற கேலியைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை உண்டா? பெற்ற பிள்ளைக்கு அது வெறும் சீண்டல். இந்தப் படம் முடிந்த கையோடு ஒரு மாமா விளையாட்டாக, “சேட்டை பண்ணினால் உன்னையும் ஹாட்டிகிட்டயே விட்டுடுவோம்” என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. சொல்பவர் மறந்துவிடுவார். நாத்தனாரிடமும் அவர் வீட்டுக்காரரிடமும் முன்பே பேசிவிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம், “தத்து, திருப்பி விடுவது, இந்த ரெண்டையும் வைத்துக் கேலி வேண்டாம், பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்” என்று நேராகச் சொன்னால் போதும். புரிந்துகொள்வார்கள். புரியாவிட்டாலும் சொல்லியாயிற்று.

அதற்காக இந்தப் படத்தை அவளிடமிருந்து மறைக்கச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்த படம். இந்த விஷயத்தில் பல படங்களைவிட நேர்மையானது என்றுகூடச் சொல்வேன். பாசம் என்பது முதல் நாளே பொங்கி வருகிறது என்று அது பொய் சொல்வதில்லை. மூத்தவள் மார்கோ அவனைத் தொடக்கத்திலிருந்தே சந்தேகத்தோடுதான் பார்க்கிறாள், அப்படிப் பார்ப்பதற்காகப் படம் அவளைக் கெட்ட பிள்ளை ஆக்குவதில்லை. முடிவில் வானத்தில் பறக்கும் ஒரு கப்பலிலிருந்து அவள் க்ரூவை நம்பித் தாவ வேண்டும். ஒருமுறை கைவிட்டவன் இந்தத் தடவை பிடிப்பானா என்று அவள் தயங்கும் அந்தக் கணம், படத்திலேயே சிறந்த இடம். உங்கள் மகளுக்கு அது உங்களையும் என்னையும்விட ஆழமாகப் புரியலாம்.

கூட்டத்தோடு பார்க்கும் முன்பு, நீங்களும் கணவரும் அவளும் மட்டும் ஒருமுறை பாருங்கள். அதற்கும் முன்னால் கதையை முழுதாக, முடிவோடு சொல்லிவிடுங்கள். “நடுவில் அந்தப் பிள்ளைகளைத் திரும்ப இல்லத்துக்கு அனுப்பிவிடுகிறான். அப்புறம் தப்பு என்று தெரிந்து போய்க் கூட்டி வருகிறான். பார்க்கலாமா, வேண்டாமா?” முடிவை அவளிடம் விடுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்க வேண்டாம். கசின்களோடு பார்க்கும் நாளிலும் அவள் எழுந்துபோனால் பின்னாலேயே போய் “என்னம்மா ஆச்சு” என்று எல்லோர் முன்னாலும் விசாரிக்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகிற மாதிரிப் போங்கள்.

கேள்வி அன்றே வராது. ஒரு வாரம் கழித்து, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போது, “க்ரூ மாதிரி நீங்களும் என்னை விட முடியுமா?” என்று வரலாம். அப்போது “சீ, என்ன பேச்சு இது!” என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதாலும் அவள் பயந்துபோவாள். அவள் கேட்ட அதே தொனியில், “இல்லை. நீ எங்கள் பிள்ளை. சட்டப்படியும் அப்படித்தான்” என்று சொல்லுங்கள். இது ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சும் இல்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி தத்து ஆணை வந்த நாளிலிருந்து எல்லா வகையிலும் அவள் உங்கள் பிள்ளைதான். ஏழு வயதுக்குச் சட்டம், கோர்ட், கையெழுத்து என்ற வார்த்தைகள் பெரிய தெம்பு. ஆணையின் நகல் வீட்டில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள்.

இன்னொன்று, அந்த ஹாட்டி. அனாதை இல்லம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று கசின்கள் நினைப்பார்கள், உங்கள் மகளிடம் கேட்கவும் கேட்பார்கள். உங்களிடம் வருமுன் அவளைப் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த நல்ல விஷயம் ஒன்றாவது இருக்கும். சாப்பாடு ஊட்டிய ஆயா, அவளுக்கு வைத்த செல்லப்பெயர், ஏதாவது ஒன்று. படத்துக்கு முன்பே அதை ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொல்லி வையுங்கள். ஹாட்டிக்குப் பதிலாகச் சொல்ல அவள் கையில் சொந்தமாக ஒரு ஆள் இருப்பாள்.

கடைசியாக, மகனுக்கு இந்தப் படம் பிடித்துவிட்டால் மறுநாளே அடுத்த பாகம் கேட்பான். 2013-இல் வந்த இரண்டாம் பாகத்தில், ஒரு மருந்து ஏற்றப்பட்டு மினியன்கள் ஊதா நிறத்தில், பரட்டைத் தலையும் பல்லுமாக, கண்டதைக் கடிக்கும் ஜந்துக்களாக மாறும். பழகின முகம் கண்ணெதிரே மாறுவது இந்த வயதுக்குப் பெரிய பயம். முன்பு சொன்ன அதே கேன்டர் குழுவினர், பச்சைப் பூதமாக மாறும் ‘ஹல்க்’ தொடரை வைத்துச் சோதித்தபோதும் சின்னப் பிள்ளைகள் அதிகம் பயந்தது அந்த மாற்றக் காட்சிக்குத்தான்.  மினியன் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அதைக் காட்ட இன்னும் ஒன்றரை இரண்டு வருடம் பொறுக்கலாம். அதுவரை முதல் பாகத்தையே திரும்பத் திரும்பக் கேட்பான். போடுங்கள், தெரிந்த கதையைத் திரும்பப் பார்ப்பது இந்த வயதுக்கு நல்லதுதான்.